சாக்கடைக்குப் போகும் ஹார்மோன்

ஆடி பிறந்தால் என் புறநோயாளிகள் வரிசை நீண்டுவிடும். கூழ் ஊற்றுதல், குலதெய்வப் பயணம் என்று 'நாள் தள்ளிப்போடும் மாத்திரை' போட்டுக்கொண்டவர்கள். சென்ற ஆடியில் ஒரு பெண் கெண்டைக்கால் வீங்கி வந்தார். டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டு. "மெடிக்கல்ல கேட்டேன், குடுத்தாங்க டாக்டர்." மீதி மாத்திரை? "பயந்துபோய் டாய்லெட்ல போட்டுத் தண்ணி ஊத்திட்டேன்."

அந்த இரண்டாவது பதில் என்னை விடவில்லை.

உடம்போடு முடிவதில்லை

அந்த மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் நாரெதிஸ்டிரோன். அதில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. பல கருத்தடை மாத்திரைகளில் இருப்பதும் அதுவே. கல்லீரல் அதைக் கட்டிப்போட்டுச் சிறுநீரில் அனுப்பினாலும், சாக்கடைக் கிருமிகள் அந்தக் கட்டை அவிழ்த்து விடுகின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை ஆய்வுக்காக இதைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஆண் மீன்கள் முட்டைக்கருப் புரதம் சுரந்தன. அங்கிருந்த ஒரு சிறுமீன் இனம் கிட்டத்தட்ட அற்றுப்போனது.

கேட்டுக் கேட்டுச் சலித்தவை

"கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம்." கொதிநீரில் கிருமி சாகும், ஹார்மோன் போகாது. செம்புக் குடமும் அதை எடுக்காது.

"இந்தத் தண்ணியாலதான் பொண்ணுக்கு பி.சி.ஓ.டி." குடிநீரில் வரக்கூடிய அளவு, ஒரு மாத்திரைக்கு முன் தூசு. அதனால் மனிதருக்கு நோய் வந்ததாக உறுதியான சான்று இல்லை. மீன் கதை வேறு, அது நாள் முழுக்க அதிலேயே மூச்சுவிடுகிறது.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி என்பதும் கட்டுக்கதை. தண்ணீரையும் கோழியையும் சந்தேகிப்பவர்தான், சீட்டு இல்லாமல் நாளுக்கு 15 மில்லிகிராம் ஹார்மோனை விழுங்கிவிட்டு என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்!

சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்ளாதா?

அரைகுறையாக. காற்றூட்டும் தொட்டிக் கிருமிகள் இயற்கை ஈஸ்ட்ரோஜனைப் பெரும்பாலும் தின்றுவிடும். எத்தினைல் வகை எளிதில் மசியாது. அதற்கு ஓசோனோ, கிளர்வூட்டிய கரியோ வேண்டும். சுவிட்சர்லாந்து 2016 முதல் முக்கிய நிலையங்களில் இதைச் சட்டமாக்கியிருக்கிறது. சென்னையில் கோயம்பேடும் கொடுங்கையூரும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. சுத்திகரிப்பு வரை கொண்டுபோகின்றன, அந்த நீர் தொழிற்சாலைகளுக்கு. செப்டிக் டேங்கோடு நிற்கும் ஊர்களுக்கு இப்படி எதுவும் இல்லை.

கெஞ்சிக் கேட்கிறேன்

மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை இதைப் படித்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். மிஞ்சியதை டாய்லெட்டிலோ வாஷ்பேசினிலோ போடாதீர்கள்; காலாவதி மருந்து வீட்டு அபாயக் கழிவு, தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டு வந்திருந்தால் இந்த மாத்திரைக்காக மெடிக்கல் பக்கமே போகாதீர்கள். நாளைத் தள்ளித்தான் ஆக வேண்டுமா? ஆனியிலேயே ஒரு நடை வந்துவிடுங்கள், தாயே.