வீட்டு நீரழுத்தப் பம்பு

வீட்டு நீரழுத்தப் பம்பு என்பது தொட்டியிலிருந்து வரும் நீரின் அழுத்தத்தைக் கூட்டி வீட்டுக் குழாய்களுக்கு அனுப்பும் சிறிய மின்பம்பு ஆகும். கலைச்சொல்லாக இதனை அழுத்த எக்கி என்பர். கடைகளிலும் பிளம்பர்களிடமும் 'பிரஷர் பம்பு', 'பூஸ்டர் பம்பு' என்ற பெயர்களே வழங்குகின்றன. கிணற்றிலிருந்தோ சம்ப்பிலிருந்தோ மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரும் இதுவும் ஒன்றல்ல. நீரேற்றும் மோட்டார் நாளுக்கு ஓரிரு முறை ஓடும். அழுத்தப் பம்பு குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தானாக ஓடி, மூடியதும் நிற்கும்.

அழுத்தம் குறைவதற்கான காரணம்

நீரின் அழுத்தம் அது நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். அதாவது மீட்டருக்கு 0.1 பார். மாடி வீட்டின் மேல்தளக் குளியலறையில் ஷவருக்கும் மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு அல்லது மூன்று மீட்டர்தான் இருக்கும். எனவே அங்கே கிடைப்பது 0.2 முதல் 0.3 பார் மட்டுமே. தரைத்தளத்தில் இதைப்போல் இரு மடங்குக்கு மேல் கிடைக்கும். தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் தளத்தில்தான் நீர் மெதுவாக வருகிறது என்பது பலருக்குப் புதிராகத் தோன்றினாலும் காரணம் இவ்வளவே. தொட்டியின் கொள்ளளவுக்கும் அழுத்தத்துக்கும் தொடர்பில்லை. நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் 500 லிட்டர் தொட்டியும் 2000 லிட்டர் தொட்டியும் ஒரே அழுத்தத்தையே தரும்.

உயரம் போதுமானதாக இருந்தும் நீர் குறைவாக வந்தால், குறை குழாயில் இருக்கலாம். உப்புநீர் ஓடும் பழைய இரும்புக் குழாய்களின் உட்புறம் படிவு கட்டி விட்டம் சுருங்கும். குழாயின் உள்விட்டம் பாதியானால், அதே அளவு நீர் ஓடும்போது உராய்வு இழப்பு ஏறத்தாழ 30 மடங்கு கூடுகிறது. எனவே பம்பு வாங்கும் முன், குழாய் முனையிலுள்ள வலையையும் ஷவரின் துளைகளையும் கழற்றிக் கழுவி, வால்வுகள் முழுதும் திறந்துள்ளனவா என்று பார்ப்பது நல்லது. பல வீடுகளில் செலவு இத்துடன் முடிந்துவிடும். மேல்தளத்தில் மட்டும் குறை என்றால் தொட்டியை மேடை கட்டி உயர்த்தலாம். ஆனால் 2 மீட்டர் உயர்த்தினாலும் கூடுவது 0.2 பார்தான். 1000 லிட்டர் தொட்டி நிறைந்திருக்கையில் ஒரு டன் எடை என்பதையும் மறக்கலாகாது.

வகைகள்

தொட்டியிலிருந்து இறங்கும் குழாயிலேயே பொருத்தப்படும் சிறு பம்பு மலிவானது, சத்தமும் குறைவு. நீரோட்டத்தை உணரும் 'ஃப்ளோ சுவிட்ச்' இதனை இயக்குகிறது. இதில் ஒரு குறை உண்டு: குழாயைத் திறந்ததும் நீர் முதலில் தானாகச் சிறிது ஓடினால்தான் பம்பு விழித்துக்கொள்ளும். தொட்டியின் நீர்மட்டத்துக்கு இணையான உயரத்தில் ஷவர் இருந்தால் இது ஓடவே ஓடாது.

இரண்டாவது வகையில் அழுத்தச் சுவிட்சும் சிறு அழுத்தக் கலனும் உண்டு. கலனுக்குள் ரப்பர்ப் பையும் அதைச் சுற்றிக் காற்றும் இருக்கும். சுவிட்ச் 1.5 பாரில் ஓடவும் 2.5 பாரில் நிற்கவும் அமைக்கப்பட்டால், 24 லிட்டர் கலன் பம்பு ஓடாமலேயே ஏறக்குறைய 6 லிட்டர் நீர் தரும். சம்ப்பிலிருந்து நேரே வீட்டுக்கு நீர் தரவும் இவ்வகையே ஏற்றது. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் பம்புகள் மூன்றாம் வகை. இவற்றில் அழுத்தம் ஏறி இறங்காது; விலைதான் மிகுதி.

அளவைத் தேர்ந்தெடுத்தல்

குதிரைத்திறனைப் பார்த்து வாங்குவதே பரவலான பிழை. பார்க்க வேண்டியவை இரண்டு: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு அழுத்தத்தில் என்பன. ஒரு ஷவருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று கொண்டால், இரண்டு ஷவரும் ஒரு குழாயும் ஒரே நேரத்தில் திறந்திருக்கையில் 30 லிட்டர் தேவை. அந்த ஓட்டத்தில் 20 மீட்டர், அதாவது சுமார் 2 பார் அழுத்தம் கூட்ட நீருக்குச் சேர வேண்டிய ஆற்றல் 100 வாட்டுக்குச் சற்றுக் குறைவே. சிறு பம்புகளின் செயல்திறன் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 300 வாட் வரும். ஆகவே இரண்டு குளியலறை வீட்டுக்கு அரைக் குதிரைத்திறன் (373 வாட்) தாராளம். பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் உச்ச அழுத்தமும் உச்ச ஓட்டமும் ஒருசேரக் கிடைப்பவை அல்ல. உச்ச அழுத்தத்தில் ஓட்டம் சுழி.

பெரிய பம்பு வாங்கினால் பணம் மட்டும் வீணாவதில்லை. கூடுதல் அழுத்தம் பழைய இணைப்புகளைச் சுவருக்குள் கசியவைக்கும். கீசரில் குறிக்கப்பட்டுள்ள அழுத்த அளவையும் அதன் பாதுகாப்பு வால்வு வேலை செய்கிறதா என்பதையும் பார்த்தபிறகே பம்பைப் பொருத்த வேண்டும்.

பொருத்துதல்

பம்பு தொட்டிக்கு அருகில், வெயிலும் மழையும் படாத மூடாக்கின் கீழ், ரப்பர்த் தட்டின்மேல் அமர வேண்டும். உள்வரும் குழாய் பம்பின் வாயைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. தொட்டிப் பக்கம் வால்வும் வடிகட்டியும், இருபுறமும் யூனியனும் வைத்தால் பின்னாளில் குழாயை அறுக்காமல் பம்பைக் கழற்றலாம். பம்பைச் சுற்றி மாற்றுவழிக் குழாய் ஒன்று, அதில் ஒருவழி வால்வுடன், கட்டாயம் வேண்டும். மின்தடையின்போது நீர் அதன் வழியே வழக்கம்போல் இறங்கும். ஒருவழி வால்வை விட்டுவிட்டால், பம்பு தள்ளும் நீர் அவ்வழியே திரும்பி வந்து சுற்றிக்கொண்டே இருக்கும்.

பலர் தவறவிடுவது காற்றுப்போக்கிக் குழாய். இறங்கு குழாயிலிருந்து தொட்டிக்கு மேலே நீட்டி விடப்பட்டிருக்கும் அக்குழாய் பம்புக்குப் பின்னால் அமைந்தால், பம்பு ஓடியதும் நீர் அதன் வழியே மாடியில் கொட்டும். அதனை மூடிவிட வேண்டும். ஓட்டத் தொடங்குமுன் பம்பில் நீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவதும், தொட்டி வற்றினால் நிறுத்தும் மிதவைச் சுவிட்சைச் சேர்ப்பதும் அவசியம். நீரின்றி ஓடும் பம்பின் 'சீல்' சில நிமிடங்களிலேயே கருகிவிடும்.

ஈரமான இடத்தில் மின்சாரம் இருப்பதால் நில இணைப்பும் 30 மில்லிஆம்பியர் கசிவுத்தடுப்புச் சுவிட்சும் தவிர்க்க முடியாதவை. குளிப்பவர் நனைந்த உடலுடன் அந்த நீரோடு தொடர்பில் நிற்கிறார்.

தெருக்குழாயில் பொருத்தக்கூடாது

குடிநீர் வாரிய அல்லது உள்ளாட்சி இணைப்பில் பம்பை நேரடியாகப் பொருத்துவது விதிமீறல். பிடிபட்டால் மோட்டார் பறிமுதல் செய்யப்படலாம். அண்டை வீடுகளுக்கு நீர் கிடைக்காமல் போவது அதனால் வரும் கேடுகளில் சிறியது. பம்பு உறிஞ்சும்போது தெருக்குழாயின் அழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைந்தால், விரிசல்கள் வழியே சுற்றியுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். அது பம்பு வைத்த வீட்டுக்கும் வரும், வைக்காத வீடுகளுக்கும் வரும். தெருக்குழாய் நீரைச் சம்ப்பில் விழவிட்டு, சம்ப்பிலிருந்து எடுப்பதே முறை.

பராமரிப்பு

வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவினால் போதும். யாரும் குழாயைத் திறக்காதபோது பம்பு விட்டுவிட்டு ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது. பெரும்பாலும் கழிவறைத் தொட்டியின் மிதவை வால்வு. குழாய் திறந்திருக்கையில் நொடிக்கு நொடி ஓடி நின்றால் கலனில் காற்று இறங்கிவிட்டது என்று பொருள். மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து நீரை வடித்துவிட்டு, சைக்கிள் பம்பாலேயே காற்றடிக்கலாம். பம்பு ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 0.2 பார் குறைவாக, மேற்சொன்ன கலனுக்கு 1.3 பார் வைக்க வேண்டும். காற்றடிக்கும் வாயில் ஊசியை அழுத்தும்போது நீர் வந்தால் உள்ளேயுள்ள ரப்பர்ப் பை கிழிந்துவிட்டது. அதை மட்டும் தனியே வாங்கி மாற்றக்கூடிய கலன்களும் உண்டு.