மனசு ஓயாமல் ஓடும்போது



சம்பளத்தில் பிடித்த காசு, அடகு வட்டி, பிள்ளையின் படிப்பு என்று ராத்திரியெல்லாம் மனசு ஓடிக்கொண்டே இருக்கும். விடிந்தால் பிரட்டுக்குப் போகவேண்டும். லயத்தில் இப்படித் தூக்கம் கெட்டவர்கள் எத்தனையோ பேர்.

இந்த ஓட்டத்தை நிறுத்த ஒரு வழி சொன்னவர் யோகர் சுவாமிகள் (1872-1964). யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் சிறு குடிலில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். துறவியாகுமுன் அவரும் சம்பளக்காரர்தான், கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைக்கு ஸ்டோர் கீப்பர். தேடி வந்தவர்களுக்கு அவர் சொன்னது "சும்மா இரு" என்பது. சோம்பிக் கிடக்கச் சொல்லவில்லை. கை வேலை செய்யட்டும். வருகிற நினைப்பின் பின்னால் மனசு ஓடாமல் இருக்கட்டும்.

படுக்குமுன் ஐந்து நிமிடம் உட்காருங்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீண்டால் நெஞ்சுப் படபடப்பு தணியும். நினைப்பு வந்தால் அதோடு சண்டை பிடிக்காமல் மறுபடி மூச்சைக் கவனியுங்கள். பிறகு அன்றைக்குக் கிடைத்த நல்லது இரண்டை நினையுங்கள்: கொழுந்து குறைந்தபோது தன் கூடையிலிருந்து ஒரு பிடி போட்ட பக்கத்து நிரைக்காரி, மழைக்கு முன் காய்ந்துவிட்ட விறகு. (சிலருக்குச் சிரிப்பு வரும், வரட்டும்.)

இதனால் கடன் குறையாது. அநியாயத்துக்கு நன்றி சொல்லவும் தேவையில்லை. சம்பளக் குறையைத் தலைவரிடம் பேசத்தான் வேண்டும். தூங்கி எழுந்தால் அதை நிதானமாகப் பேச வரும்.

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கம் இல்லையென்றால் டிஸ்பென்சரிக்கு வாங்க. சாகலாம் என்று தோன்றினால் ஒருநாள்கூடப் பொறுக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு ராத்திரியிலும் போன் எடுக்கலாம்.