இரு பக்கமும் எதிர்ப்பு

புனேயிலிருந்து தவுண்ட் போகும் ரயிலில் கேட்காவ் ஸ்டேஷன் வரும்போதெல்லாம் எனக்குப் பண்டித ரமாபாய் நினைவுதான். சமஸ்கிருதப் புலமைக்குப் பட்டம் பெற்ற பிராமண விதவை. 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். பம்பாயில் விதவைகளுக்காக அவர் தொடங்கிய சாரதா சதன் என்ற விடுதிப் பள்ளி 1890இல் புனேக்கு வந்தது. அங்கிருந்த விதவைச் சிறுமிகள் சிலர் அவருடைய ஜெபத்தில் வந்து அமர்ந்தார்கள். அவர் வற்புறுத்தவில்லை, கதவைச் சாத்தவுமில்லை. மதம் மாற்றுகிறார் என்று திலகரின் 'கேசரி' பத்திரிகை சீறியது. 1893இல் சீர்திருத்தவாதிகளான ரானடேயும் பண்டார்கரும் சதனின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பல சிறுமிகளை உறவினர்கள் அழைத்துப் போய்விட்டார்கள். ஜெபம் நிற்கவில்லை.

அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஆங்கிலிக்கன் சபையாரும் அவரை அடக்கத்தான் பார்த்தார்கள். இதைப் பலர் சொல்வதில்லை. தன் மனசாட்சியை எந்தக் குருவிடமும் ஒப்படைக்க முடியாதென்று அவர்களுக்கும் எழுதினார். எனக்குப் பிடித்த ரமாபாய் இவர்தான். பின்னர் கேட்காவில் முக்தி மிஷன், பஞ்சத்தில் தவித்த பெண்களுக்கு அடைக்கலம். 1922இல் காலமாகும்வரை பைபிளை மராத்தியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.