கண்மணி ஏன் கறுப்பு?

இரவில் லயத்து வாசலில் நின்று டார்ச் அடித்தால் பூனையின் கண் பளிச்சென்று மின்னும். டார்ச்சை முகத்தோரம் பிடித்திருப்பவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும்; நாலடி தள்ளி நிற்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. கண்ணுக்குள் போன ஒளி, போன வழியே திரும்பி வருவதுதான் காரணம்.

மனிதக் கண்ணிலும் ஒளி அப்படித்தான் திரும்புகிறது. அதைப் பார்க்க அந்த வழியில் நம் கண்ணை வைக்க வேண்டும். வைத்தால் நம் தலையே விளக்கை மறைத்துவிடும். அதனால்தான் எதிரில் இருப்பவரின் கண்மணி கறுப்பாகத் தெரிகிறது.

இந்த முடிச்சை 1850இல் அவிழ்த்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியர், வயது 29. அட்டை, மூக்குக்கண்ணாடி வில்லை, மெல்லிய கண்ணாடித் தகடுகள், இவ்வளவுதான் அவருடைய கருவி. விளக்கைப் பக்கத்தில் வைத்து, தகடுகளைச் சாய்த்துப் பிடித்தார். தகட்டில் பட்டுத் தெறித்த ஒளி எதிரிலிருப்பவர் கண்ணுக்குள் போனது. திரும்பிய ஒளியில் ஒரு பங்கு அதே தகட்டை ஊடுருவி ஹெல்ம்ஹோல்ட்ஸின் கண்ணுக்கு வந்தது. கத்தி படாமலே உயிருள்ள விழித்திரை தெரிந்தது!

இன்று அந்தக் கருவி ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. வைத்தியர் அறையை இருட்டாக்கி, மூச்சுப் படும் அளவுக்கு நெருங்கி வந்து பார்ப்பார். விழித்திரை சுமார் 15 மடங்கு பெரிதாகத் தெரியும்: செம்மஞ்சள் பரப்பு, அதில் வெளிறிய வட்டமாகப் பார்வை நரம்பின் முனை, அங்கிருந்து கிளை விரிக்கும் இரத்தக் குழாய்கள்.

சீனி வருத்தம் இந்தக் குழாய்களைக் கெடுக்கும்போது சின்னச் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். பார்வை அப்போதும் தெளிவாகவே இருக்கும். கொழுந்து பறிக்கும் அம்மா, ‘ரெண்டு இலையும் மொட்டும் நல்லாத் தெரியுதே’ என்று இருந்துவிடுவார். மங்கிய பிறகு இழந்த பார்வையை மீட்பது கடினம். புள்ளியாக இருக்கும்போதே கண்டால் காப்பாற்றலாம்.

ஆகவே சீனி வருத்தம் உள்ளவர்கள் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கிளினிக் போகும்போது, வருடத்துக்கு ஒரு தடவையாவது ‘கண்ணுக்குள்ளேயும் பாருங்க ஐயா’ என்று கேளுங்கள். அப்படிப் பார்ப்பதற்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். வீட்டுப் படி இறங்கக் கைபிடிக்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.