மீன்தொட்டியில் நெளியும் புழுக்கள்

டெலானிபூரில் நம் வீட்டுக் கூடத்து மீன்தொட்டியில், ஒருநாள் காலை வெண்ணூல் இழைபோன்ற சிறு புழுக்கள் நெளியக் காண்கிறோம். உடனே மருந்தைத் தேடி ஓடுகிறோம். சற்றுப் பொறுத்தல் நலம்.

இவற்றுள் பெரும்பாலானவை மண்புழுவின் சிறிய உறவினங்கள். அடிமணலில் தங்கும் உணவுத் துணுக்குகளையும் கழிவையும் தின்பவை. மீனுக்குத் தீங்கு செய்யாதவை. கண்ணாடியில் வழுக்கிச் செல்லும், முக்கோணத் தலையுடைய தட்டைப்புழு வேறு இனம். அதனைத் துண்டித்தல் ஆகாது. துண்டுகள் தனித்தனிப் புழுக்களாக வளர்ந்துவிடும்.

இவை பெருகக் காரணம் பெரும்பாலும் நாம் மிகுதியாக இடும் தீனியே. மீன் தின்னாது விட்ட தீனி அழுகுங்கால் நீரில் பிராணவாயு குறைகிறது. புழுக்கள் மணலைவிட்டு மேலேறுகின்றன. மீன்களும் நீர்மட்டத்தில் வாய்திறந்து திணறுகின்றன. அந்நிலையில் மருந்திட்டுப் புழுக்களைக் கொன்றால், அவையும் அழுகி மீன்களின் உயிருக்கே உலை வைக்கும்.

இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே தீனி இடுவோம். வாரந்தோறும் ரப்பர்க் குழாயால் அடிமணல் அழுக்கை உறிஞ்சியெடுத்து, கால்பங்கு நீரை மாற்றுவோம். புதிய குழாய்நீரை ஒருநாள் வைத்திருந்து, குளோரின் நீங்கியபின் ஊற்றுவோம். கோடையில் நீர் அரிதாகும் இத்தீவில், எடுத்த நீரையும் வீணாக்க வேண்டா. செடிகளுக்கு அது நல்ல உரம். தீனி குறையின், சில வாரங்களில் புழுக்களும் தாமே குறையும்.