கடன் கட்ட முடியாதபோது நிலத்தை எழுதிக் கொடுக்காதீர்கள்!

சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியதால் நில விலை ஏறிவிட்டது. சொர்ணவாரியோ சம்பாவோ ஒரு போகம் பொய்த்தால், சிறு விவசாயியின் கடன் தவணை நின்றுவிடும். அந்த நேரத்தில் கடன் கொடுத்தவரின் கண் வட்டியைவிட நிலத்தின் மேலேயே விழலாம். ‘சும்மா ஈட்டுக்குத்தான்’ என்று கிரய ஒப்பந்தத்திலோ பவர் பத்திரத்திலோ கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிட வேண்டும். ஈடு கொடுத்தே ஆக வேண்டுமானால், அடமானப் பத்திரமாகப் பதிவு செய்வதே பாதுகாப்பு. தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்க வேண்டும்.

வங்கிக் கடன்

பயிர் சேதமானால் தவணை நாளுக்கு முன்பே வங்கிக்குச் சென்று, கெடு நீட்டித்துத் தரும்படி எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. ஆனால் பதிவேட்டில் நஞ்சை என்றிருந்தால் மட்டும் போதாது, நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே மனை விலையை எண்ணி நிலத்தைத் தரிசாகப் போடாமல் பயிரிட்டு, அடங்கலில் பதிவு செய்துகொள்வது நல்லது.

கந்துவட்டி

கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி ஆகியவற்றைத் தமிழக அரசின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீறுவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ரூ.30,000 வரை அபராதமும் உண்டு. அரசு நிர்ணயித்த வட்டியுடன் பாக்கியைக் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யும்படி கடனாளி மனுச் செய்யலாம். மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம்.

சம்மன் வந்தால்

சம்மனை வாங்க மறுப்பதும், வாய்தாவுக்குப் போகாமல் இருப்பதும் பெரிய தவறு. ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால், தக்க காரணத்துடன் 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்யக் கோரலாம். தவணை முறையில் கட்டவும் அனுமதி கேட்கலாம். அமீனா ஜப்திக்கு வந்தாலும், பிழைப்புக்கு வேண்டிய உழவுக் கருவி, மாடு, விதை நெல், விவசாயி குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்குச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அந்த வீட்டையே அடமானம் வைத்திருந்தால் இந்த விலக்கை நம்ப முடியாது. வழியில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

இலவச உதவி

பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றிச் சமரசம் பேசலாம். அங்கு ஆகும் தீர்ப்பின் மீது அப்பீல் கிடையாது. ஆகவே கட்டக்கூடிய தொகைக்கு மட்டுமே சம்மதிக்க வேண்டும்.

கடனைத் தவணையில் தீர்க்கலாம். கைவிட்டுப் போன நிலத்தை இந்த வட்டார விலைக்கு மறுபடி வாங்க முடியாது.