உஷார்! எல்லாப் படபடப்பும் 'கேஸ்' அல்ல

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 ஏப்ரல் 30 அன்று அந்தச் சாலையில் இறங்கிவந்த தனியார் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்கள் போயின. அதே ஆண்டு டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது. இதையெல்லாம் பார்த்தவர்கள் வளைவு திரும்பும்போது ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டால் அது நோயல்ல. ஆனால் அந்தப் பயம் சாலையோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்து, மாதக்கணக்கில் தங்கி, வேலையையும் தூக்கத்தையும் பறிக்கிறதா? உஷார். அது பதற்றநோயாக இருக்கலாம்.

மலைக் கிராமங்களிலும் சரி, கீழே சேலத்திலும் சரி, இதை நோய் என்று யாரும் சொல்வதில்லை. 'கேஸ் பிடிச்சிருக்கு' என்று சோடா குடிக்கச் சொல்வார்கள். 'காத்து கருப்பு அண்டியிருக்கும்' என்று மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். கோயிலுக்குப் போவதில் தவறில்லை. மலைத் தெய்வம் சேர்வராயனைக் கும்பிட்டுவிட்டு மருத்துவரையும் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பதற்றநோயில் பல வகை உண்டு. முதலில் அச்சத் தாக்குதல். எந்தக் காரணமும் இல்லாமல் நெஞ்சு படபடக்கும். மூச்சு முட்டும், உடம்பு வியர்க்கும், விரல்கள் மரத்துப்போகும், 'இதோ செத்துடுவேன்' என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணிந்துவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை: முதல் தடவை வரும்போது இதயம்தானா, மனம்தானா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். 108-ஐ அழையுங்கள், ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் தாக்குதல் திரும்பத் திரும்ப வந்து, 'அடுத்தது எப்போ வருமோ' என்ற திகிலிலேயே ஒரு மாதத்துக்கு மேல் கழிந்தால், அதுதான் அச்சத் தாக்குதல் நோய். அந்தத் திகிலில் பேருந்து வேண்டாம், சந்தை வேண்டாம், கூட்டம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விலக்கிக் கடைசியில் வீட்டு வாசற்படி தாண்டாமல் முடங்குபவர்கள் உண்டு. 'அவ வெளியே வரமாட்டா, கூச்ச சுபாவம்' என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும்.

உயரம், பாம்பு, ஊசி என்று ஒன்றைக் கண்டு மட்டும் நடுங்குவது தனி வகை. விபத்தை நேரில் கண்டவருக்கு ஒரு மாதத்துக்குப் பிறகும் அந்தக் காட்சி கண்முன் வந்து, தூக்கத்தில் அலறி எழுந்தால், பதற்றத்தோடு உறவுள்ள வேறொரு பாதிப்பு அது. அதற்கும் சிகிச்சை உண்டு.

எனக்கு அதிகக் கவலை பிள்ளைகளைப் பற்றித்தான். ஏற்காடு விடுதிப் பள்ளிகளின் ஊர். வீட்டைப் பிரிந்த முதல் வாரம் அழாத குழந்தை அபூர்வம். பெரும்பாலோர் மெல்லத் தேறிவிடுவார்கள். ஆனால் நான்கு வாரம் தாண்டியும் திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி, தலைவலி, வாந்தி. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று கெட்ட கனவு. போனில் 'கூட்டிட்டுப் போங்கம்மா' என்ற ஒரே பேச்சு. இப்படி இருந்தால் அதை அடம் என்று அதட்டாதீர்கள். பிரிவுப் பதற்றமாக இருக்கலாம். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் நடுங்கி, மற்றவர்கள் முன்னால் சாப்பிடக்கூட முடியாமல் ஒதுங்கும் வளரிளம் பிள்ளைக்குச் சமூகப் பதற்றம் இருக்கக்கூடும். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்று ஆசிரியர்கள் பாராட்டுவதால் இது வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதற்கெடுத்தாலும் கவலை, கழுத்திலும் தோளிலும் இறுக்கம், சோர்வு, எரிச்சல், கெட்ட தூக்கம் என்றால் அது பொதுப் பதற்றநோய். குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இதை வாழ்க்கை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

இனிதான் பெரிய ஆபத்து. மருந்துக்கடையில் 'தூக்க மாத்திரை ஒண்ணு குடுங்க' என்று அல்பிரசோலம் வாங்கி விழுங்குகிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. பழக்கமாகிவிடும்; நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குவாட்டர் அடித்தால் நடுக்கம் அடங்குவது உண்மைதான். மறுநாள் அது இரண்டு மடங்காகத் திரும்பி வரும். காபித் தோட்டங்களின் ஊரில் இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: படபடப்பு உள்ளவர்கள் காபியைக் குறையுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். ரத்தப் பரிசோதனை அவசியம்.

2019 கணக்கில் உலகில் 30.1 கோடி பேருக்குப் பதற்றநோய் இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சை கிடைப்பதோ ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான். மற்ற மூவரை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது, ஏனென்றால் இது நன்றாகக் குணமாகக்கூடியது. ஆலோசகரின் துணையோடு முதல் நாள் அடிவாரத்தில் நிற்கும் பேருந்தில் சும்மா உட்காருவது, பிறகு இரண்டு வளைவு, பிறகு ஐந்து என்று பயத்தை நேருக்கு நேர் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. பழக்கமாகாத மாத்திரைகளும் இருக்கின்றன. அவை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், பாதியில் நிறுத்தக்கூடாது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறுவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை. மலையிறங்க முடியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது; 24 மணி நேரமும், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். வீட்டில் யாராவது 'இனி இருந்து என்ன ஆகப்போகுது' என்று சொன்னால் அவரைத் தனியே விடாமல், விடியட்டும் என்று காத்திராமல், இன்றைக்கே அந்த எண்ணை அழுத்துங்கள்.